வலிக்கிற அன்றைக்கே

கமலாதேவி கட்டா மீனைப் பிளந்துகொண்டிருந்தாள். இடது கைவிரல்கள் செவுளுக்குள், வலது கையில் கத்தி. முதுகோரம் ஒரே இழுப்பு, வால்வரை. குடலை வழித்து வாளியில் எறிவாள், சதையில் குறுக்கே கீறுவாள், கீறலுக்குள் கல்லுப்பை வைத்து அழுத்தித் தேய்ப்பாள். சல்லிக் கரையில் கருவாடு போடுகிற பெண்களில் அவளுடைய கைதான் வேகம் என்பதை அவளுடைய மாமியார் கனகம்மாகூட மறுக்கமாட்டாள். மற்ற எல்லாவற்றையும் மறுப்பாள்.

பாதி மீன் பிளக்காமல் கிடக்கையில் அடிவயிற்றில் அந்த இழுப்பு வந்தது. முதலில் ஒரு நூலைக் கட்டி உள்ளே யாரோ சுண்டுவது போல இருக்கும். பிறகு அது முதுகுக்குப் போகும், தொடைக்கு இறங்கும். கமலா கத்தியை மணலில் குத்திவிட்டு எழுந்தாள். இனி மீனைத் தொடக்கூடாது. மாதத் துடக்கு வந்தவளின் கை பட்ட கருவாட்டில் புழு வைக்கும் என்பது அந்தக் கரையின் சட்டம். வலையைத் தொடக்கூடாது, படகின் நிழலிலும் நடக்கக்கூடாது. வீட்டுக்குப் பின்னால் ஓலையால் இறக்கிய பத்திக்குள் மூன்று நாள் கிடந்து, நாலாம் நாள் தலைமுழுகிவிட்டு வெளியே வரவேண்டும்.

ஆனால் இன்றைக்கு அவள் பத்திக்குள் கிடக்கப் போகவில்லை. லிங்கநகர்ப் பக்கம் சிஸ்டர்மார் நடத்துகிற கிளினிக்குக்கு மாதத்தில் ஒரு நாள் கண்டியிலிருந்து ஒரு டொக்டரம்மா வருவாள். ஸல்ஹா என்று பெயர், பிறந்தது மூதூரில். அந்த ஒரு நாள் இன்றைக்கு. இரண்டும் ஒரே நாளில் வந்து விழ வேண்டும் என்றுதான் கமலா மாதக்கணக்காகக் காத்திருந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் வைத்தியரிடம் போய்க்கொண்டுதான் இருந்தாள். சந்தைக்குக் கிட்ட இருந்த டிஸ்பென்சரிக்குப் போனாள். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வாய்வு என்றார்கள். இன்னோரிடத்தில் சிறுநீர் சோதித்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். இன்னொருவர் முகத்தையும் பார்க்காமல், பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். பிள்ளை இல்லை என்று சொல்லத்தான் அவரிடம் போயிருந்தாள்.

இத்தனை இடத்திலும் ஒருவரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. கமலா ஒவ்வொரு முறையும் தலைமுழுகி, துவைத்த சேலை உடுத்தி, பொட்டு வைத்துக்கொண்டுதான் டொக்டரிடம் போனாள். சல்லியில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் போவார்கள். துடக்கோடு ஒரு பெரிய மனிதர் முன்னால் போய் நிற்கிறதாவது! அவள் முழுகி எழும்புகிற நேரம் வலியும் இறங்கியிருக்கும். வலியை வீட்டில் விட்டுவிட்டு வைத்தியரிடம் போனாள். வைத்தியர்மாரும் வராத வலியைத் தேடிவிட்டு இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். படித்தவர்களுக்கு ஒரு நாளாவது கேட்கத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

முன்னொரு மாதம் கிளினிக்கில் ஸல்ஹா டொக்டர்தான் முதலில் கேட்டாள். “எப்ப நோகுது?”

“மாதத்துக்கு வாற நேரத்தில, டொக்டர்.”

“அப்ப ஏன் இண்டைக்கு வந்தீங்கள்?”

கமலா துவைத்த சேலையின் தலைப்பை இழுத்து விட்டாள்.

“நோகிற அண்டைக்கு வாங்க. குளிக்கவும் வேணாம், ஒண்டும் வேணாம். அப்பிடியே எழும்பி வாங்க. அண்டைக்குத்தான் என்ர கைக்குத் தெரியும்.”

இன்றைக்குக் கமலா பத்திக்குள் போய், மூன்று கல்லை வைத்து, பழைய தாச்சியில் கல்லுப்பை வறுத்தாள். சூடு ஏறியதும் துணியில் கொட்டி முடிந்து அடிவயிற்றில் வைத்து, ஒரு கிழிந்த சேலைத்துண்டால் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அதில்லாமல் அவளால் இந்த நாளில் நடக்க ஏலாது. மேலே சேலையை உடுத்திக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

கனகம்மா கிணற்றடியில் நின்றாள். “எங்கயடி வெளிக்கிடுறாய், இந்தக் கோலத்தில?”

“கிளினிக்குக்கு, மாமி. டொக்டரம்மா இண்டைக்குத்தான் வாறா.”

“துடக்கோடயோ? அங்க மாதா சிலை வைச்சிருக்கினம். அவையின்ர சாமி சாமியில்லையோ?”

“நோவோட வா எண்டு அவதான் சொன்னவ.”

“நோவாம் நோவு. எனக்கு வராததோ? ஆறு பிள்ளை பெத்தனான். ஒரு நாள் கத்தி ஊரைக் கூட்டினனானோ? உனக்கு மட்டும் மீன் கூடக் கிடக்கிற அண்டைக்குப் பார்த்து நோவு வரும்.”

கமலா முற்றத்தைத் தாண்டித் தெருப் பக்கம் நடந்தாள். கனகம்மா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“நில். நானும் வாறன். ஒண்டுமில்லை எண்டு அவ சொல்லுறதை என்ர காதால கேக்கவேணும். சொன்னாவெண்டால் அங்கயிருந்து நீ கப்பல்துறைக்குத்தான் பஸ் ஏறுறாய். உன்ர கொம்மா வீட்டில போய்க் கிடந்து நடி. சின்னராசாவுக்கு நான் வேற இடம் பாக்கிறன்.”

சின்னராசா அப்போது கடலில் இருந்தான். வீட்டில் இருந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான். மனைவி சொன்னாலும் ஓம் என்பான், தாய் சொன்னாலும் ஓம் என்பான். அதைச் சிலர் நல்ல குணம் என்பார்கள்.

பஸ்ஸில் கனகம்மா முன்னால் இருந்தாள். துடக்குப் படாமல் இருக்க மருமகளைப் பின் இருக்கைக்கு அனுப்பியிருந்தாள். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அது. கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்கவேண்டும், நிலத்தால் போனால் சோதனைச்சாவடியில் இறங்கி நடக்கவேண்டும். பஸ் வெறுமையாக அந்தப் பக்கம் போய் நிற்கும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்களின் வரிசை முடிகிற இடத்தில் சாக்கால் மறைத்த கூட்டுக்குள் ஒரு பொலிஸ்காரி நின்று உடம்பைத் தடவிப் பார்ப்பாள்.

கனகம்மா தடவி முடித்து அந்தப் பக்கம் போய்விட்டாள். கமலா உள்ளே போனாள். பொலிஸ்காரியின் கை தோளில் தொடங்கி இடுப்புக்கு வந்தது. வந்த இடத்தில் நின்றது. துணிக்குள்ளே கட்டி. கட்டியில் சூடு.

பொலிஸ்காரி கூச்சலிட்டுக்கொண்டு சாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். அந்தக் கூச்சலுக்கு மொழி தேவையில்லை. வரிசை கலைந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெண்கள் வடிகானுக்குள் விழுந்தார்கள். மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்த ஆமிக்காரர்கள் துவக்குகளை அவளுக்கு நேரே பிடித்தார்கள். இடுப்பில் குண்டு கட்டி வந்த பெண்களைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த காலம். கமலாவின் இடுப்பிலும் ஒன்று கட்டியிருந்தது.

“அத் உஸ்ஸன்ன! கையைத் தூக்கு!”

தூக்கினாள். தூக்கியவுடன் அடிவயிறு இழுபட்டு, கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பறந்தது. உடம்பு தானாகக் குனியப் பார்த்தது. குனியாதே, குனியாதே என்று ஒருவன் கத்தினான். குனிந்தால் சுடுவான். நிமிர்ந்தால் உள்ளே பிடுங்குகிறது. அவள் நிமிர்ந்து நின்றாள். கால் வழியே இரத்தம் ஓடியதும் தெரிந்தது, அதை அத்தனை ஆண்களும் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு ஆமியில் வந்த கோபத்தைவிட, வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொன்ன மனிதர்களில்தான் கூடக் கோபம் வந்தது. அவர்கள் இங்கே வந்து நின்று பார்க்கட்டும்.

“லுணு! மாத்தயா, லுணு! உப்பு!”

கனகம்மாதான். சாவடிக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டித் திரும்பி வந்துகொண்டிருந்தாள். ஒரு துவக்கு அவள் பக்கம் திரும்பியது. அவள் அதை ஒரு காகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“சுடுறதெண்டால் சுடு. சுட்டுப்போட்டு மீனையும் நீயே வந்து காயவை.”

அவனுக்கு விளங்கவில்லை. அவள் நேரே கமலாவிடம் வந்து, சேலையை விலக்கி, கட்டை அவிழ்த்து, முடிச்சை வெளியே எடுத்து எல்லாருக்கும் தெரிய விரித்தாள். கல்லுப்பு, இன்னும் சூட்டோடு. ஒருவரும் கிட்ட வரவில்லை. வெள்ளையாக இருப்பதெல்லாம் உப்பு என்று அவர்கள் நம்பத் தேவையில்லைதானே. கனகம்மா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு நறநறவென்று கடித்தாள்.

அந்த உப்பு துடக்குக்காரியின் அடிவயிற்றில் கிடந்த உப்பு. அந்தத் துணியில் கறையும் பட்டிருந்தது. கனகம்மா அந்த நாட்களில் மருமகள் தொட்ட செம்பைக்கூடத் தொடாதவள். சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்த பிறகுதான் எடுப்பாள்.

விழுங்கிவிட்டு அவள் திரும்பினாள். “பாத்தியே? உன்னால நான் இண்டைக்கு இதையும் திண்டன்.”

துவக்குகள் இறங்கின. ஆனாலும் உடனே விடவில்லை. ஆமிப் பெரியவர் வந்து பார்க்கவேண்டுமாம். இரண்டு பேரையும் ஒரு மரத்தடியில் இருத்தி, அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். உப்பை ஒரு தகரத்தில் பரப்பி வைத்துக் குச்சியால் கிளறினார்கள். அதற்குள் பஸ்ஸும் போய்விட்டது.

மரத்தடியில் கமலா சுருண்டு கிடந்தாள். இனிச் சூடும் இல்லை. மூன்று தரம் சத்தி எடுத்தாள். கடைசியில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. முகம் சாம்பல் நிறமாகி, மேலுதட்டில் வியர்வை நின்றது. கனகம்மா முதலில் எட்டத்தான் இருந்தாள். பிறகு கிட்ட வந்து குந்தினாள்.

“எப்பவும் இப்பிடித்தானோ?”

“ஒவ்வொரு மாசமும்.”

“இப்பிடியோ? சத்தியும்?”

“இப்பிடித்தான்.”

“ஏனடி சொல்லேல்லை?”

கமலா தலையைத் தூக்கினாள். “சொன்னனான். பத்திக்குள்ள இருந்து கத்திக் கத்திச் சொன்னனான். நீங்கள் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைச்சனீங்கள்.”

பின்பத்தியின் வேலையே அதுதான். ஊரில் எல்லாப் பெண்ணும் மாதத்தில் மூன்று நாள் உள்ளே போகிறாள், வருகிறாள். உள்ளே ஒருத்தி காலை நீட்டிப் படுத்திருக்கிறாளா, மண்ணைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாளா என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் துடக்கு. நல்ல வசதியான ஏற்பாடு.

அட்டைகள் திரும்பி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. டொக்டர் வழக்கமாக மத்தியானத்தோடு புறப்படுபவள். பின்னேரம் கண்டி றோட்டை மூடிவிடுவார்கள். கனகம்மா றோட்டின் நடுவில் நின்று விறகு ஏற்றி வந்த ஒரு லான்ட்மாஸ்டர் டிராக்டரை மறித்தாள். மருமகளின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி விறகுக்கு மேல் ஏற்றினாள். தொட்டுவிட்டோமே என்ற நினைவு அவளுக்கு வந்திருந்தால் அதை அப்போது காட்டவில்லை.

கிளினிக் வாசலில் வான் நின்றது. டிரைவர் ஏறியிருந்தான். ஸல்ஹா டொக்டர் கைப்பையோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கமலாவின் சேலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பையைச் சிஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“றோட்டு மூடுவானுகள், டொக்டர்” என்றான் டிரைவர்.

“மூடினா இஞ்ச தங்குவம். உள்ளுக்குக் கொண்டுவாங்க.”

கனகம்மாவைத் திரைக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே கமலா கட்டிலில் கால்களை மடித்துக் கிடந்தாள். டொக்டர் கையுறை போட்டு, எங்கே தொடப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லித்தான் தொட்டாள். கர்ப்பப்பைக்குப் பின்னால், இதுவரை ஒருவருக்கும் தட்டுப்படாத இடத்தில், விரல் போய் நின்றது. கமலா போட்ட சத்தத்தில் வெளியே மருந்து வாங்கும் வரிசையில் இருந்த ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

“இருக்கு” என்றாள் டொக்டர். “பயறு மாதிரி, ரெண்டு மூண்டு. பின்னால ஒட்டியும் இருக்கு. போன முறை பார்க்கக்குள்ள எனக்கும் சரியாத் தட்டுப்படல்ல. இண்டைக்கு வீங்கி நிக்குது.”

ஆறுதலில் அழுவார்கள் என்று நினைக்கிறவர்கள் இந்த நோயைப் பார்த்ததில்லை. கமலாவுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “மாமியைக் கூப்பிடுங்கோ. இதை அவவுக்குச் சொல்லுங்கோ” என்றாள்.

கனகம்மா உள்ளே வந்து கதிரையில் இருக்காமல் நின்றாள். “என்ன வருத்தம்?”

“எண்டோமெற்றியோசிஸ் எண்டு பேர். பேர் கிடக்கட்டும். கர்ப்பப்பைக்கு உள்ளுக்கு ஒரு படை இருக்கு, மாசாமாசம் கழண்டு போறது. அதைப் போல ஒண்டு இவக்கு வெளியிலயும் வளர்ந்திருக்கு. அதுவும் மாசாமாசம் இரத்தம் விடுது. வெளிய வர வழியில்ல.”

“அந்த இரத்தம்தான் நோகுதோ?”

“அது மட்டும் இல்ல. அம்மா, உங்களுக்குக் கெளிறு மீன் குத்தியிருக்கா?”

“கரையில இருக்கிறவளுக்குக் குத்தாமலோ?”

“முள்ளு இத்துணூண்டு. கை எவ்வளவு வீங்கும்?”

“முழங்கை மட்டும்.”

“விஷம் கொஞ்சம். மிச்ச வீக்கம் உங்கட உடம்பு செய்யிறது. இரத்தத்தில வெள்ளை அணுக்கள் இருக்கு. கூடாததைக் கண்டா அதுகள் அங்க போய் இரசாயனமா ஒரு சமிக்ஞை விடும். அதைக் கேட்டு இன்னும் அணுக்கள் வரும், வந்ததுகளும் சமிக்ஞை விடும். அந்த இடம் சிவக்கும், வீங்கும், கொதிக்கும், நோகும். அதுக்குப் பேர் அழற்சி. முள்ளை எடுத்தா ரெண்டு நாளில அடங்கும்.”

“இதில முள்ளு உள்ளுக்கையே நிக்குது.”

“ஓம். மாசாமாசம் புதுசாக் குத்துது. துப்புரவாக்க வந்த அணுக்கள் துப்புரவாக்காமல் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு நிக்குது. அதைவிடக் கூடாத விஷயம், அந்தச் சமிக்ஞையே அந்த இடத்துக்குப் புது இரத்தக் குழாயையும் நரம்பையும் கூப்பிடுது. குழாய் வந்தா அந்தப் படைக்குச் சாப்பாடு. நரம்பு வந்தா இவக்கு இன்னும் நோவு. பக்கத்தில இருக்கிறதெல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டிப்போகும்.”

கனகம்மா யோசித்தாள். “அப்ப காவலுக்கு வந்ததுதான் வளக்குதோ?”

“ரெண்டுமா வளர்க்குது. ஏன் ஒருத்திக்கு வருது, ஒருத்திக்கு வரல்ல எண்டது இன்னும் முழுசாத் தெரியாது.”

“பேய் பிசாசு…”

“இல்ல.”

“நடிப்பு…”

“அம்மா, நடிச்சுப் பயறு முளைக்க வைக்க ஏலாது.”

திரைக்கு வெளியே சிஸ்டர் சிரித்த சத்தம் கேட்டது. கனகம்மா சிரிக்கவில்லை. “பிள்ளை வருமோ?” என்று கேட்டாள்.

கமலா கட்டிலில் எழும்பி இருந்தாள். “மாமி, முதல் என்ர நோவைக் கேளுங்கோ! பிள்ளையைப் பிறகு கேளுங்கோ. வந்த இடமெல்லாம் பிள்ளை, பிள்ளை. நான் பிள்ளை போடுற பெட்டியோ?”

மாமியாரிடம் அவள் இப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. கனகம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

“வரவும் கூடும், வராமலும் போகும்” என்றாள் டொக்டர் இருவருக்கும் பொதுவாக. “முதல் வேலை இது. கண்டிக்கு வாங்க. வயித்தில சின்னத் துளை போட்டு, கமெரா விட்டுப் பார்த்து, எடுக்கக் கூடியதை எடுக்கிறன். திரும்பி வராதெண்டு சத்தியம் பண்ண மாட்டன். அதுவரைக்கும் இந்தக் குளிசை. நோவு உச்சத்துக்கு வந்த பிறகு போட்டுப் பிரயோசனமில்ல. நோவைக் கிளப்புற சமிக்ஞையில ஒண்டை உடம்பு செய்ய முந்தியே இது மறிக்கவேணும். வரப்போகுது எண்டு தெரிஞ்ச உடனே, சாப்பிட்டிட்டுப் போடுங்க. வெறுவயித்தில போட்டா குடலைப் புண்ணாக்கும்.”

“இவ்வளவு நாளும் நான் சத்தி எடுத்த பிறகுதான் போட்டனான்” என்றாள் கமலா. “ஒருத்தரும் சொல்லேல்லை.”

“சொல்லியிருக்கவேணும்.”

“சொல்லேல்லை.” அதை இன்னொரு முறை சொன்னாள், சுவரைப் பார்த்து. அந்த அறையில் இல்லாத எத்தனையோ பேருக்குச் சொல்கிற குரல் அது.

திரும்பிப் போகிற பஸ்ஸில் கனகம்மா மருமகளுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தாள். சல்லிச் சந்தியில் இறங்கும்போது, “பாதி மீன் பிளக்காமல் கிடந்தது, நாறியிருக்கும்” என்றாள். நாறித்தான் இருந்தது.

மறுநாள் காலையில் கமலா பத்திக்குள் எழும்பினாள். பாயைச் சுருட்டினாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, விறாந்தையில், வாசலுக்கு நேரே, கருவாடு வாங்க வருகிறவர்கள் தாண்டித்தான் போகவேண்டிய இடத்தில் பாயை விரித்தாள். விரித்துப் படுத்தாள். குளிசையால் வலி பாதியாக இறங்கியிருந்தது. மற்றப் பாதி இருந்தது.

சின்னராசா கடலுக்கு வெளிக்கிட்டு வந்தவன் காலைத் தூக்கினபடி நின்றுவிட்டான். “இஞ்ச ஏன் கிடக்கிறாய்? ஆக்கள் பாப்பினம்.”

“பாக்கட்டும். அதுக்குத்தான் கிடக்கிறன். நீங்களும் பாருங்கோ. இண்டைக்குக் கடலுக்குப் போகாதேங்கோ. கண்டியில தங்கிறதுக்குக் கிராம சேவகரிட்ட அத்தாட்சி எடுக்கவேணும்.”

“நேவி இண்டைக்குத்தான் கடலைத் திறந்திருக்கிறான். நாளைக்குப் போனால் என்ன?”

“நாளைக்கு எனக்கு நோவு குறைஞ்சிடும். குறைஞ்ச உடன நீங்கள் மறந்துபோவியள். எனக்குத் தெரியும்.”

அவன் தாயின் பக்கம் பார்த்தான். கனகம்மா கிணற்றடியில் கெட்டுப்போன மீனைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னை ஏன்ரா பாக்கிறாய்? டொக்டர் சொன்னதை என்ர ரெண்டு காதாலயும் கேட்டனான். போ. போய் அந்த மனுசன் வெளிய போறதுக்குள்ள பிடி.”

கருவாட்டுக்கு வந்த அயல்வீட்டுக்காரி வாசலில் நின்று மூக்கில் விரலை வைத்தாள். “என்ன கனகம்மாக்கா, மருமகள் துடக்கோட விறாந்தையில…”

“ஓம். வருத்தக்காரி. கருவாடு வேணுமெண்டால் அங்கால சுத்தி வா. வேண்டாமெண்டால் போ.”

கமலா சின்னராசாவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவன் தோளில் இருந்த வலையை இறக்கினான். உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். சைக்கிளுக்குக் காற்றுப் போதாது. உருட்டிக்கொண்டே கிராம சேவகர் வீட்டுப் பக்கம் போனான்.